மூன்றாம் முளைக்குச்சி

காலை மணி பத்து இருபது. நோட்டில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது: ‘முளை 3, காலை 10.20.’ அதற்கு நேரே எத்தனை அடி என்று எழுத வேண்டிய கட்டம். அந்தப் பக்கத்தில் மற்ற எழுத்தெல்லாம் நீல மையில் இருக்க, அந்தக் கட்டத்தில் இருப்பது மட்டும் கறுப்பு. அதை எழுதுவதற்கு எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற கோடு போட்ட நோட்டுதான். அட்டையில் ஈர மணல் ஒட்டிக் காய்ந்த தடம் பத்து வருஷமாகியும் போகவில்லை. மகளைத் திருச்சியில் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சான்றிதழ்களைத் தேடும்போது பீரோவின் அடியிலிருந்து அது கைக்கு வந்தது. பிரித்தேன். பத்து இருபது என்பதைப் படித்ததும் சான்றிதழ் தேடுவதை அப்படியே விட்டுவிட்டேன். அளவு சாரைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இனிமேல் தள்ளக் கூடாது.

எங்கள் ஊர் தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. எத்தனையோ காலமாகக் காற்று கொண்டுவந்து குவித்தது. மேலே பனையும் நாணலும் இருக்கும். ஆற்றுப் பக்கம் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக அறுபட்டு நிற்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு அந்த முகத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். தின்ற இடத்தில் பழங்காலத்துச் சாமான்கள் எட்டிப் பார்க்கும். கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய தாழிகளின் வாய், எப்போதாவது ஒரு சங்கு வளையல் துண்டு. ஊரில் யாரும் அதிசயப்பட்டதில்லை. தாழியின் அடி ஓட்டில் கோழிக்குத் தண்ணீர் வைப்போம். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், மேட்டின் முகத்தில் ஒரு உறைகிணறு தெரிந்தது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. மண் சரிந்த இடத்தில் அதன் ஒரு பக்கம், விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வந்தார்.

பழம்பொருள்களைப் பார்க்கும் ஒரு அலுவலகத்திலிருந்து வந்தவர். அவருடைய பதவியின் பெயர் எங்கள் ஊர் வாயில் நுழையவில்லை. எப்போதும் தோளில் டேப் தொங்கியதால் அளவு சார் ஆகிவிட்டார். ஒல்லியான மனிதர். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, தா.பழூரில் வாடகை சைக்கிள் எடுத்து வருவார். எங்கே தோண்டப் போகிறார் என்று ஊரே காத்திருந்தது. தோண்டுவதற்கு உத்தரவே இல்லை என்றார். ஆறு எவ்வளவு வேகமாக வருகிறது, அதற்குள் என்னென்ன வெளியே தெரிகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு இட்ட வேலை. “தோண்டற வேலைய ஆறே பாத்துக்குது. நான் பக்கத்துல நின்னு எழுதிக்கறேன்,” என்பார். அவருக்குச் சொந்த ஊர் குன்னம் பக்கம். பருத்தியும் வெங்காயமும் விளைகிற மானாவாரிக் கரிசல் பூமி. ஓடுகிற தண்ணீரைக் கண்டால் அவருக்குக் கால் கூசும். எங்கள் ஊரில் களையெடுக்கும் பெண்களுக்கு அது போதாதா? அவர்களை முன்னின்று நடத்திய அம்மாவை எல்லோரும் பெரியம்மா என்போம். வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் போகும்போது பெரியம்மா குனிந்த தலை நிமிராமல், “வெங்காயத்துக்குத் தண்ணி ஆவாதுடி, அழுவிப்போயிரும். வழி விடுங்க,” என்பார். அளவு சாரும் சிரித்துக்கொண்டே போவார்.

மாதம் ஒரு முறைதான் அவரால் வர முடியும். இடையில் வாரந்தோறும் அளந்து எழுத உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார். தலைமையாசிரியர் தன்னால் ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அங்கே டீச்சராக இருந்த நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை. எட்டு வயதில் ஒரே மகள். சனிக்கிழமை காலையில் வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் கிடைத்தது என்பதும் உண்மைதான். ஆடி பிறந்ததும் அவரும் நானும் மேட்டின் மேல் ஐந்து கருவேல முளைக்குச்சிகளை அடித்தோம். தலையில் சிவப்பு வர்ணம், நடுவில் ஒரு ஆணி. ஆணியில் டேப்பை மாட்டிக் கரையின் விளிம்பு வரை எத்தனை அடி என்று பார்க்க வேண்டும். நேரம் எழுத வேண்டும். கீழே புதிதாக என்ன தெரிகிறது என்பதையும் ஆற்றுப் பக்கம் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும். அதையெல்லாம் ஒரு கார்டில் பெயர்த்து அவருக்குத் தபாலில் போட வேண்டும். எட்டு அடிக்கும் குறைந்துவிட்டால் அந்த இடத்துக்கு அப்புறம் யாரும் போகக் கூடாது; மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் ஆறு குடைந்திருக்கும். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்: “பார்த்தத எழுதுங்க டீச்சர். யோசிச்சத எழுத வேணாம். யோசிக்கறதுக்கு எனக்கு ஆபீஸ்ல நாற்காலி போட்டிருக்காங்க.”

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க ஒரு சனிக்கிழமை தவறவில்லை. உறைகிணறு மூன்றாம் முளைக்கு நேர் கீழே இருந்ததால் அந்த எண்ணை மட்டும் இரண்டு தடவை அளப்பேன். இருபதில் தொடங்கி பதினாறு, பதிமூன்று, பதினொன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் ஏறியது. அடுத்த சனிக்கிழமை மூன்றாம் முளையில் டேப்பை மாட்டிப் பார்த்தால் பதிமூன்று அடி. எனக்குப் புரியவில்லை. கரை தேயும், வளருமா? மறுபடி அளந்தேன். பதிமூன்றுதான். டேப் தொய்கிறதோ என்று இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். பதிமூன்றேதான். போன வாரம்தான் நான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இந்த வாரம். பிள்ளைகளின் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் கோடு போடுகிறவள், கரை இரண்டு அடி வளர்ந்துவிட்டது என்று எழுதி அனுப்பினால் அவர் என்ன நினைப்பார்? குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பதினொன்று என்று எழுதினேன். அதற்கு அடுத்த வாரம் டேப்பே பதினொன்று காட்டியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் பதினொன்று என்றே எழுதினேன். இரண்டு கார்டுகளும் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. மற்ற நான்கு இடத்திலும் கரை ஓடிக்கொண்டிருக்க, கிணற்றுக்கு மேலே மட்டும் மூன்று வாரமாக அசையாமல் நிற்கிறது என்று அவை சொல்லின.

அதை நம்பித்தான் அவர் வந்தார். மழை பலப்பதற்குள் கிணற்றின் வாயை மேலிருந்து பார்த்துப் படம் போட்டுவிட வேண்டும் என்று, மாதம் ஆவதற்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டார். அன்றைக்கும் சனிக்கிழமைதான். வெயில் அடித்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெள்ளம் ஏறும்போது நிற்கிற கரை வடியும்போது விழும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பதினொன்று என்ற எண்ணை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். மேட்டின் மேல் ஏறியதும் அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “மூணு கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற மாதிரி இல்ல?” என்றார். “இல்லைங்க சார், அப்படியேதான் இருக்கு,” என்றேன். அந்தப் பதிலை நான் எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் முளையருகில் நின்று டேப்பின் சுருளைப் பிடித்துக்கொண்டேன். அவர் நுனியை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போய்க் குப்புறப் படுத்தார். டேப் பத்தரை காட்டியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து 10.20 என்று எழுதினேன். எண்ணை எழுதப் பேனாவை நகர்த்தியபோது டேப் என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. சத்தம் பெரிதாக இல்லை. நெல் மூட்டையை அவிழ்த்துச் சாய்த்தால் வருமே, அவ்வளவுதான். நிமிர்ந்தால் அவர் படுத்திருந்த இடம் இல்லை. புழுதி மட்டும் நின்றது.

அடுத்த நினைப்பு அவரைப் பற்றி வரவில்லை. இதை மறைக்காமல் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் என் மகள் ஆட்டுக்குட்டியோடு அந்தக் கரையோரமாகப் போனதைப் பார்த்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கவாட்டுச் சரிவில் உருண்டும் நடந்தும் கீழே இறங்கினேன். மண் குவியலில் அவருடைய தலையும் ஒரு கையும் தெரிந்தன. கண்ணைத் திறந்து பார்த்தார். அவருடைய வாயிலிருந்த மணலைத் துடைத்துவிட்டு, நான் கேட்டது, “பாப்பா இங்க வந்துச்சா சார்?” என்றுதான். அவரால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையை அசைத்தார். தெரியாது என்றும் அது இருக்கலாம். அவர் பக்கத்தில் ஒரு கை, பக்கத்து மணலில் ஒரு கை என்று நான் பறித்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் பறித்தேன் என்று சொல்ல முடியாது.

பிறகு மேலே ஆள் சத்தம் கேட்டது. வயலில் களையெடுத்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, என் மகள். கரை விழுந்ததை நாணல் பக்கமிருந்து பார்த்து, என்னிடம் வராமல் நேராக வயலுக்கு ஓடி ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் பறிப்பதை விட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, “புள்ள நல்லா இருக்கு. எந்திரிச்சு மண்ண அள்ளு டீச்சர்,” என்றார். யாரோ மண்வெட்டி எடுத்துவர ஓடியபோது பெரியம்மா தடுத்தார். மண்வெட்டி ஆளை வெட்டிவிடும், மேலே நிற்கிற கரையையும் அதிரவைக்கும். கையால்தான் அள்ள வேண்டும், ஒருத்தி நிமிர்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியே செய்தோம். அளவு சாரின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. பெரியம்மா அவர் காதருகில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “குன்னத்து வெங்காயத்தக் கொள்ளிடத்துல நட்டு வெச்சிருக்கு பாரு. மெதுவாப் புடுங்குங்கடி, தாளு அந்துரும்,” என்றார். கழுத்துவரை மண்ணுக்குள் இருந்த மனிதர் சிரித்தார். சிரிக்கப் போய் இருமினார். இருமியதில் மூச்சு நன்றாக வந்தது. வெளியே எடுத்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் மகள் சாப்பிடவில்லை. பயந்திருக்கிறாள் என்று மடியில் போட்டுக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அந்தச் செவப்புக் குச்சிய நான்தாம்மா மாத்தி அடிச்சேன்.” எங்கள் பக்கம் ஆட்டை முளையில் கட்டினால், சுற்றியுள்ள புல் தீர்ந்ததும் முளையைப் பிடுங்கித் தள்ளி அடிப்பார்கள். யாரும் அதை ஒரு வேலையாகக் கூட நினைப்பதில்லை. மழைக்கு மூன்றாம் முளையைச் சுற்றி நல்ல புல் வந்திருந்தது. குச்சிகளைத் தொடக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நானே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, “நான் எடுத்துக்கிட்டுப் போவலம்மா, உள்ள தள்ளித்தான் அடிச்சேன். கரைக்குக் கிட்ட ஆட்டக் கட்டாதன்னு நீதான சொன்ன,” என்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அந்தக் கோடையிலிருந்து ஒரு நாள் தவறாமல் சொன்னேன். அவள் விழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து நான் சொன்னதை, சொன்னபடி கேட்ட பிள்ளை அது. முளை உள்ளே போனதால்தான் கரை வளர்ந்ததுபோல் தெரிந்தது. நான் பதிமூன்று என்று எழுதியிருந்தால், கார்டைப் பார்த்த நிமிஷமே முளை நகர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். விளிம்புக்குப் போயிருக்கவே மாட்டார்.

ஊரில் எல்லோரும் ஆற்றைத்தான் குறை சொன்னார்கள். ஆறு எதையும் மறுத்துப் பேசாது. அப்படியே விட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சின்னப் பிள்ளையின் பெயரை எதற்கு இதில் இழுக்கிறாய், நாளைக்கு ஊர் அவளை எப்படிக் கூப்பிடும் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் கார்டை எடுத்து எடுத்து வைத்தேன். ‘யாரோ முளையை நகர்த்திவிட்டார்கள்’ என்று எழுதினேன், கிழித்தேன். அவருடைய அலுவலகத்தில் அந்தத் தேதிகளின் எண்கள் இருக்கும். என் எண்களை வைத்துத்தான் அந்தக் கரையைப் பற்றி இனி யாரும் பேசுவார்கள். மூன்றாவதாக எழுதியதை அனுப்பினேன். ‘முளையை நகர்த்தியது என் மகள். பதிமூன்றைப் பதினொன்று என்று மாற்றியது நான். முளை நகர்ந்ததை டேப் சொல்லத்தான் செய்தது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.’ கார்டில் அனுப்பாமல் உறையில் போட்டு ஒட்டினேன். மகளுக்காக அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் டேப்பை எடுத்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, “ஒருத்தர் கால் போனது போதாதா?” என்றார். “எட்டடிக்குள்ள கால் வெக்க மாட்டேன். ஆனா எழுதாம இருக்க மாட்டேன்,” என்றேன். விளிம்பை நெருங்காமல் அளக்க, நீளமான மூங்கிலில் டேப்பின் நுனியைக் கட்டி நீட்டக் கற்றுக்கொண்டேன். கார்த்திகையில் தண்ணீர் இறங்கியதும் ஆற்றுக்குள் உள்ள திட்டில் போய் நின்று, கரையைத் தூரத்திலிருந்து பார்த்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கிணற்றை வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஒரு வளையத்துக்கு இரண்டு கட்டம் என்று வைத்துக்கொண்டு கோடு போட்டேன். பெரியம்மா பக்கத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழாக எண்ணுவார். நான் எண்ணியதும் அவர் எண்ணியதும் ஒத்து வரும்வரை எழுத மாட்டேன். பதினொரு வளையம். மேலிருந்து நான்காவதில் ஒரு விரிசல். இடது பக்கம் இரண்டு தாழி, ஒன்றுக்கு வாய் உடைந்திருந்தது. நான்கு சனிக்கிழமை ஆயிற்று. தை மாதம் ஒரு காலையில் போனபோது கிணறு இல்லை. மூன்றாம் முளையும் இல்லை. ஆற்று மணலில் வளையத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. இல்லை என்பதையும் நேரம் போட்டு எழுதினேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அளவு சார் இறங்கினார். கக்கத்தில் கட்டை, இடது கால் சற்றுக் குட்டையாகியிருந்தது. மகள் அவரைக் கண்டதும் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள். நான் காப்பி போடக் கூடத் தோன்றாமல் நின்றேன். கடிதம் கிடைத்ததா என்று கேட்காமல், கிணற்றை வரைந்த நோட்டை எடுத்துவந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கிணற்றின் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். வளையங்களை விரலால் எண்ணினார். பிறகு, “பாப்பாவக் கூப்பிடுங்க,” என்றார். கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். மகள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குச்சியை எவ்வளவு தூரம் தள்ளி அடித்தாள் என்று கேட்டார்.

“கயித்து நீளத்துக்கு,” என்றாள்.

“எந்தக் கயிறு?”

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். ஆட்டுக்குட்டி கட்டும் கயிறு. பழைய இடத்தில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, மறுமுனை வந்த இடத்தில் குச்சியை அடித்தாளாம். அப்படி அடித்தால்தான் ஆடு எவ்வளவு இழுத்தாலும் பழைய இடத்தைத் தாண்டிக் கரைக்குப் போகாதாம். அளவு சார் டேப்பை எடுத்துக் கயிற்றின் மேல் நீட்டி வைத்தார். ஐந்து அடி. அவர் அவளைப் பார்த்து, “குச்சிய நகத்தினது தப்பு. இனிமே செய்யாத,” என்றார். “ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சு நகத்தியிருக்க. அதனால அந்த எண்ணு எதுவும் வீணாப் போவல. பத்தரையில அஞ்சு போனா எவ்வளவு?”

“அஞ்சரை,” என்றாள் மகள்.

எட்டுக்குக் கீழே என்று நான் நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நோட்டைப் பிரித்து, காலியாக இருந்த அந்தக் கட்டத்தைக் காட்டினார். பையிலிருந்து தன்னுடைய பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். ஐந்தரை என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

“டேப்பு அன்னிக்கு என்ன காட்டுச்சு?”

“பத்தரை.”

“அப்ப பத்தரைன்னு எழுதுங்க. பக்கத்துல கயித்து நீளத்தையும் எழுதிடுங்க. கழிக்க வேண்டியத நான் கழிச்சுக்கறேன் டீச்சர். அதுக்குத்தான் இப்ப முழு நேரமும் நாற்காலி போட்டுட்டாங்களே.”